ஜீப்புக்கு வெளியே மூன்று கட்டங்கள்

என் ஆசை அத்தாவுக்கு,

கடைக்கு மேலே இருக்கும் நம் அறையிலிருந்து உங்கள் மகள் பரிதா எழுதுகிறேன். ஸலாம். சுகமா என்று கேட்கும் பழக்கம் விரல்களை விட்டு இன்னும் போகவில்லை, அதனால் கேட்டுவிடுகிறேன். சுகமா அத்தா? முழங்கால் வலியெல்லாம் அங்கே இருக்காது என்று நம்புகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் கடையில் மிளகு, காப்பித்தூள், ஏலக்காய், வருகிறவர்களோடு வாய்ச்சண்டை எல்லாம் வழக்கம்போல் நடக்கின்றன. உங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் இப்போது ஸ்டெல்லா உட்காருகிறாள். உங்கள் இடத்தில் உட்கார்ந்தால் புரோகிராமில் தப்பு வராது என்பது அவள் நம்பிக்கை. தப்பு வரத்தான் செய்கிறது, ஆனாலும் நாற்காலியை விடமாட்டேன் என்கிறாள்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கும். கதை கேட்கும்போது "தெரியும், மேல சொல்லு" என்று அவசரப்படுத்துவீர்களே, அதை இன்றைக்கு ஒருநாள் செய்யாதீர்கள்.

நீங்கள் ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைக்கும் வாழவந்திக்கும் ஷேர் ஜீப் ஓட்டியவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததும் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டு, மாடிப்படியை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கீழே கடையில் உட்கார்ந்தால் அம்மா வேலை வாங்குவார் என்ற பயமும் ஒரு காரணம். நானும், தலைச்சோலையில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் மகளாய்ப் பிறந்து என்னோடு மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்த ஸ்டெல்லாவும் அப்போது எங்கள் முதல் வீடியோ கேமைத் தொடங்கியிருந்தோம். புரோகிராம் அவள் பொறுப்பு, படம் என் பொறுப்பு.

கேமில் ஓடும், குதிக்கும், திரும்பும் ஒவ்வொரு சின்ன உருவத்துக்கும் ஸ்பிரைட் என்று பெயர். சின்னச் சின்னச் சதுரங்களில் ஒவ்வொன்றாக நிறம் நிரப்பி அதை வரைவதுதான் பிக்சல் ஆர்ட். நீங்கள் அதற்கு வைத்த பெயர் "கட்டம் போடறது". அம்மா வைத்த பெயர் "கண்ணக் கெடுத்துக்கறது".

எங்கள் கேமில் ஒரு பெண் மலைக்கிராமங்களுக்கெல்லாம் பொட்டலங்கள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். வழியில் காட்டெருமை நிற்கும், மழை வரும், அட்டை ஏறும். நடந்து களைத்தால் கைகாட்டி ஷேர் ஜீப்பில் ஏறிக்கொள்ளலாம். அந்த ஜீப்பை நான் வரைந்து வைத்திருந்ததை நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தீர்களே, அதை நான் மறக்கவே மாட்டேன்.

"இது ஜீப்பா கண்ணு? முன்சக்கரம் இவ்வளவு உள்ள இருந்தா மொதல் வளைவுலயே மூக்கு குத்திக்குமே!"

அப்படியானால் நீங்களே வரையுங்கள் என்று மவுசைக் கையில் கொடுத்தேன். விளையாட்டுக்குத்தான் கொடுத்தேன். நீங்கள் திருப்பித் தரவே இல்லை.

முதலில் உங்களுக்குப் பிடிபடாதது அளவு. இத்தனை சின்னப் பெட்டிக்குள் ஒரு வண்டியா என்று பெருக்கிப் பெருக்கிப் பார்த்து, திரை முழுக்க ஒரு பின்சக்கரம் மட்டும் தெரிகிற அளவுக்குக் கொண்டுபோய் அதற்குள் நட்டு போல்ட்டெல்லாம் வரைந்தீர்கள். பழைய அளவுக்குக் குறைத்துக் காட்டியதும் சக்கரம் இருந்த இடத்தில் அழுக்குத் திட்டு. "எங்கடி நான் போட்ட போல்ட்டு?" என்று கேட்டீர்கள். பெரிதாக்கி வரையலாம், ஆனால் அடிக்கடி உண்மையான அளவில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழி, எழுந்து மாடிப்படி வாசல்வரை போய், அங்கிருந்து திரும்பிப் பார்ப்பது. டீ எடுத்துக்கொண்டு வரும் அம்மா உங்கள் முதுகில் மோதாத நாளில்லை.

அடுத்தது கோடு. வளைவை வரையும்போது படிக்கட்டு படிக்கட்டாய்ப் பல் இளிக்கும். அந்தப் பல்லை எடுப்பதுதான் இந்த வேலையில் பாதி. வளையும் கோட்டில் முதலில் நீளமான படி, பிறகு அதைவிடக் குட்டை, பிறகு இன்னும் குட்டை என்று ஒழுங்காக மாற வேண்டும். நடுவில் ஒரு படி மட்டும் திடீரென்று நீண்டால் கண்ணை உறுத்தும். இதை நான் எப்படியெப்படியோ விளக்கினேன். நீங்கள் கடைசியில், "ஸ்டீரிங்க வெட்டாம ஒடிக்கோணும், அவ்வளவுதானே?" என்றீர்கள். அதன்பிறகு உங்கள் மட்கார்டு வளைவில் நான் குறை கண்டதில்லை.

மட்கார்டில் நிறுத்தியிருக்கலாம். இரண்டு நிறம் சேரும் முனையில் நடு நிறத்தில் ஒரு கட்டம் வைத்தால் பல் மழுங்கித் தெரியும், அதற்கு ஆன்ட்டி-அலையசிங் என்று பெயர் என்று உங்களிடம் சொன்னது என் தப்பு. பார்த்த இடத்திலெல்லாம் வைத்தீர்கள். ஜீப் முழுக்க வெண்ணெய் தடவியதுபோல் வழுவழுவென்று ஆகிவிட்டது. ஸ்டெல்லா பார்த்துவிட்டு, "ஏனுங்க அத்தா, வண்டிக்கு எண்ணெக் குளியலா?" என்றாள். கோபித்துக்கொண்டு கீழே போனவர் போண்டாவோடு திரும்பி வந்தீர்கள், அவளுக்கும் சேர்த்து.

நிறத்தில் நடந்த சண்டைதான் சண்டை. கேம் முழுவதற்கும் பதினாறு நிறங்கள் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும், அந்தத் தொகுப்புக்குப் பேலட் என்று பெயர். நிறங்கள் குறைவாக இருந்தால்தான் மரமும் மனிதரும் மாடும் ஒரே ஊர் என்று தெரியும். உங்கள் ஜீப்பின் பச்சை அதில் இல்லை. "ஊருக்கே பதினாறுதானா? அதுல எருமைக்கு மட்டும் ரெண்டா?" என்று முறையிட்டீர்கள். முடிவில் எருமைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று சமாதானம் ஆயிற்று.

நிழலுக்குக் கருப்பை எடுத்தீர்கள். எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். ஒரு நிறத்தை இருட்டாக்கக் கருப்பைக் கலந்தால் அழுக்காகிவிடும், கொஞ்சம் நீலத்தின் பக்கமோ ஊதாவின் பக்கமோ நகர்த்த வேண்டும் என்றேன். நீங்கள் நம்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்ச்சுவரில் சில்வர் ஓக் மரத்தின் நிழல் விழுந்திருந்தது. அதைப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தீர்கள். "அட, கத்திரிப்பூ நெறமால்ல இருக்குது! இத்தன வருசமா யாருமே சொல்லலையே" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அம்மா நிழலைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஜெயித்தது அந்த ஒரு முறைதான். அடுத்ததில் நீங்கள் என் வாயை அடைத்துவிட்டீர்கள்.

உருவத்தின் ஓரமெல்லாம் இருட்டு, நடுவில் மட்டும் வெளிச்சம் என்று சுற்றிச் சுற்றி நிறம் வைப்பது இந்தத் தொழிலில் புதிதாய் வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. எதை வரைந்தாலும் பஞ்சு அடைத்தது மாதிரி உப்பித் தெரியும். அதனால் தலையணை ஷேடிங் என்றே அதற்குப் பெயர். உங்கள் ஜீப் அச்சு அசல் தலையணை. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வர வேண்டும் அத்தா, எங்கள் கேமில் இடது மேல்மூலையிலிருந்து வருகிறது, அந்தப் பக்கம் பளிச்சென்றும் எதிர்ப்பக்கம் மங்கலாகவும் இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தினேன்.

நீங்கள் ஜன்னலைக் காட்டினீர்கள். பனி இறங்கி எதிர்ச்சுவரே காணாமல் போயிருந்தது. "இப்ப வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருது, சொல்லு பாக்கலாம்?"

எந்தப் பக்கம் என்று சொல்வது? எல்லாப் பக்கமிருந்தும்தான். ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவர் செய்கிற தப்பு அது. சமவெளிக்காரர் யாருக்கும் அந்தச் சாக்குக் கிடைக்காது. ஸ்டெல்லா நாற்காலியிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள். ஜீப் தலையணையாகவே இருந்தது.

ஓடவைக்கும் வேலையில் உங்கள் பிடிவாதம் இன்னும் மோசம். சக்கரத்துக்கு நான்கு படங்கள், அவை மாறி மாறி வந்தால் சுற்றுவதுபோல் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் பிரேம் என்று பெயர். நின்றிருக்கும்போது ஒரே பிரேம் போதும் என்றேன். "நிக்கற வண்டி சும்மா நிக்காது கண்ணு, உறுமிக்கிட்டே நிக்கும்" என்று ஒரே ஒரு கட்டம் மேலே, மறுபடி கீழே என்று வண்டியை நடுங்கவைத்தீர்கள். அந்த ஒற்றைக் கட்டத்தில் ஜீப்புக்கு உயிர் வந்தது. நான் உங்களைக் கட்டிக்கொண்டேன், ஞாபகமிருக்கிறதா?

ஒருநாள் ஸ்டெல்லா வேலை மிச்சம் பிடிக்கப் பார்த்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரையில் வலப்பக்கம் போகும், வளைவில் திரும்பி இடப்பக்கம் போகும். இரண்டுக்கும் தனித்தனியே வரையாமல் ஒன்றை மட்டும் வரைந்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டுவிடுவது எல்லாரும் செய்வதுதான். அவளும் திருப்பினாள். ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்த நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"ஏஞ்சாமி, இது எந்தூரு வண்டி? ஸ்டீரிங் இடது பக்கம் போயிருச்சே!"

நாங்கள் இருவரும் திரையையே பார்த்தோம். வலப்பக்கம் போகும்போது நமக்குத் தெரிவது ஜீப்பின் வலப்புறம், ஓட்டுநர் நம் பக்கம் இருப்பார். திரும்பி இடப்பக்கம் போனால் அவர் அந்தப் பக்கம் போய்விட வேண்டும். கண்ணாடித் திருப்பலில் அப்போதும் நம் பக்கமே ஸ்டீரிங் இருந்தது. யாரும் கவனிக்கமாட்டார்கள் அத்தா என்றாள் ஸ்டெல்லா. "நான் கவனிச்சனே" என்றீர்கள். இடப்பக்கம் போகும் ஜீப்பையும் முதலிலிருந்து நீங்களே வரைந்தீர்கள். ஸ்டெப்னி டயர், ஏறும் படி, கிழிந்த தார்ப்பாய் எல்லாம் அந்தப் பக்கத்துக்கு உரியபடி.

இரண்டு ஜீப்பிலும் ஓட்டுநர் மட்டும் இல்லை. எப்போது வரைவீர்கள் என்று கேட்டால், "வண்டி மொதல்ல நல்லா ஓடட்டும். ஆளு அப்புறம் ஏறிக்குவான்" என்பீர்கள். அந்த மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை. ஆள் ஏறவே இல்லை.

இதுவரை உங்களுக்குத் தெரிந்த கதை. இனிமேல்தான் செய்தி.

பெங்களூருவில் புதியவர்களின் கேம்களுக்கு ஒரு கண்காட்சி நடக்கிறது. அதில் எங்களுக்கும் ஒரு மேஜை கிடைத்தது! நீங்கள் இருந்திருந்தால் மஞ்சக்குட்டை ரூட்டு முழுக்கத் தமுக்கு அடித்திருப்பீர்கள். காட்டெருமை முடிந்தது, பெண் முடிந்தாள், மழை முடிந்தது. ஜீப் மட்டும் ஆளில்லாமல் பேய் ஓட்டுவதுபோல் மலை ஏறிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா எத்தனையோ மாதம் இதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. போன வாரம் மெதுவாக ஆரம்பித்தாள். இணையத்தில் யாரோ வரைந்து வைத்திருக்கும் ஆயத்த ஜீப் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். தொப்பி போட்ட ஒரு ஓட்டுநர், இடது மேல்மூலையிலிருந்து ஒழுங்கான வெளிச்சம், நேர்த்தியான சக்கரம். நன்றாகத்தான் இருந்தது அத்தா. அதுதான் எனக்கு எரிச்சல்.

"சனிக்கிழமைக்குள்ள நீ அத்தாவ ஜீப்புல ஏத்திட்டா நம்ம ஜீப்பு. இல்லேன்னா இது. கோவிச்சுக்காத பரிதா. வர்றவங்க ஏன் ஆளில்லன்னு கேட்டா, நீ ஒவ்வொருத்தருக்கும் அழுதுகிட்டே பதில் சொல்லிட்டு இருப்பியா?"

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. உட்கார்ந்து வரையத் தொடங்கினேன்.

உங்கள் முகத்துக்கு ஜீப்பில் இருந்த இடம் உயரத்தில் ஆறு கட்டம், அகலத்தில் ஐந்து. முதலில் மீசையை வைத்தேன். உண்மையான அளவில் பார்த்தால் நீங்கள் வாயில் பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. மீசையை எடுத்துவிட்டுத் தொப்பியை வைத்தேன். தலையில் அவித்த முட்டை. மப்ளர் சுற்றிப் பார்த்தேன், பல்வலிக்காரர் ஆகிவிட்டீர்கள். என்னையறியாமல் சிரித்துக்கொண்டேதான் அழித்தேன்.

கண்ணை வைத்தேன், எடுத்தேன். நிறத்தை மாற்றினேன். எது செய்தாலும் ஜீப்பில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். நீங்கள் இல்லை. எனக்கு வரையத் தெரியவில்லை என்பதல்ல என் பயம். உங்கள் முகத்தை நான் மறக்கத் தொடங்கிவிட்டேனோ? ஒரு மகளுக்கு ஆறு கட்டத்தில்கூடத் தன் அத்தாவைக் கொண்டுவர முடியாதா? இதை அம்மாவிடம் கேட்க முடியவில்லை. உங்களிடம்தான் கேட்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலை தலைச்சோலைக்கு ஸ்டெல்லா வீட்டுக்குக் கிளம்பினேன். அவளிடம் நேரில் தோற்றுப்போனதைச் சொல்லிவிட்டு, அந்தத் தொப்பிக்காரனுக்கே வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். ஸ்டாப்பில் நல்ல பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. என்னோடு சௌசௌ மூட்டையோடு ஒரு அக்காவும் நின்றிருந்தார். உங்கள் பழைய பாசஞ்சர், பெயர் செல்லம்மா என்றார்.

பனிக்குள் ஒரு ஜீப்பின் உருவம் வந்தது. நிறமில்லை, விளக்கில்லை, வெறும் சாம்பல் நிற வடிவம். நான் கைகாட்டப் போனேன்.

"கைய எறக்கு கண்ணு. அது நம்ம ரூட்டு வண்டியில்ல" என்றார் செல்லம்மாக்கா.

"எப்படிங்கக்கா தெரியுது? எனக்கு வண்டின்னே இப்பத்தான் தெரியுது."

"ஓட்டறவரு குந்தியிருக்கற சாய்மானத்துலயே தெரியுமே. மூஞ்சிய யாரு பாத்தா இந்தப் பனில? உங்க அத்தாவா இருந்தா இன்னும் சுளுவு." மூட்டையைக் காலால் நகர்த்திக்கொண்டு சிரித்தார். "அவருக்குக் கைதான் மொதல்ல வரும். பொறவுதான் வண்டி வரும்!"

அத்தா, நான் அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் தொழிலில் முதல் பாடம் அது. ஒரு ஸ்பிரைட் சரியா இல்லையா என்று பார்க்க, நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டு முழுதும் கருப்பாக நிரப்பிப் பார்க்க வேண்டும். அந்த நிழலுருவிலேயே யாரென்று தெரிந்தால்தான் அது உருவம். தெரியாவிட்டால் உள்ளே எத்தனை கண், காது, மீசை வைத்தாலும் பயனில்லை. உங்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். உங்களை வரையும்போது மட்டும் எனக்கு அது தோன்றவில்லை. முகத்தையே தேடிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வலது முழங்கை. ஜீப்புக்கு வெளியே எப்போதும் மடக்கி நீட்டிக்கொண்டிருக்கும் முழங்கை. கல்யாணமான நாளிலிருந்து அம்மா திட்டிய முழங்கை. எதிரே பஸ் வந்தாலும், பாறை உரசும் வளைவு வந்தாலும், அம்மா பின்சீட்டிலிருந்து எத்தனை முறை சொன்னாலும் நீங்கள் அதை உள்ளே இழுத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. "காத்து வாங்குது, உடு" என்பீர்கள்.

தலைச்சோலைக்குப் போகாமல் வீட்டுக்கு ஓடினேன். செல்லம்மாக்கா, "ஏங்கண்ணு, நம்ம வண்டி வர்ற நேரத்துக்குப் போறியே!" என்று பின்னாலேயே கத்தினார்.

மாடிக்கு வந்ததும் மீசை, தொப்பி, கண் எல்லாவற்றையும் அழித்தேன். தலைக்கு ஒரே நிறம், அதில் ஓரத்தில் கொஞ்சம் நிழல், உங்கள் கத்திரிப்பூ நிறம்தான். பிறகு ஜீப்பின் ஓரக்கோட்டை ஒரு இடத்தில் உடைத்து, வெளியே மூன்றே மூன்று கட்டம் வைத்தேன். சட்டைக் கைக்கு ஒன்று, முழங்கைக்கு இரண்டு. அவ்வளவுதான். எழுந்து மாடிப்படி வாசல்வரை போனேன், நீங்கள் போவீர்களே அதே இடத்துக்கு. திரும்பிப் பார்த்தேன்.

நீங்கள் வந்துகொண்டிருந்தீர்கள்.

அப்படியே சுவரில் சாய்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அத்தா. ஆறு கட்ட முகத்தில் இல்லாத நீங்கள் மூன்று கட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

மீதி வேலை வேகமாக நடந்தது. வண்டி குலுங்கும்போது உடம்பு முதலில் அசைய வேண்டும், தலை ஒரு பிரேம் தாமதமாக அசைய வேண்டும். அப்படித்தான் பள்ளத்தில் இறங்கும்போது உங்கள் தலை ஆடும். இடப்பக்கம் போகும் ஜீப்பில் நீங்கள் அந்தப் பக்கம் இருப்பதால் தலை மட்டும் கொஞ்சம் தெரியும்படி வைத்தேன். உங்கள் பேச்சை மீறிக் கண்ணாடித் திருப்பல் எதுவும் செய்யவில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாள். முழுக் கருப்பாக நிரப்பிய உருவத்தைக் காட்டி, யார் சொல் என்றேன். அவள் உங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். நீங்கள் வந்தால் எழுந்து இடம் கொடுப்பாளே, அப்படி.

அந்தத் தொப்பிக்காரனை அவளே அழித்தாள். தலையணை ஷேடிங்குக்கும் அவளே ஒரு வழி சொன்னாள். ஜீப் வரும் பகுதி முழுவதையும் பனிக்குள் வைத்துவிடலாம் என்றாள். வெயிலில் உப்பித் தெரிந்த உங்கள் வண்டி பனிக்குள் வந்ததும் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. பனிக்கு நான் டித்தரிங் செய்தேன். வெள்ளையும் சாம்பலும் செஸ் பலகைபோல் ஒன்று விட்டு ஒன்று வைத்தால், கண் அதை நடுவிலுள்ள நிறமாகக் கலந்துகொள்ளும், புதிதாக ஒரு நிறமும் தேவையில்லை. பேலட்டில் பதினாறு பதினாறாகவே இருக்கிறது. எருமைக்கு இப்போதும் ஒன்றுதான், கவலைப்படாதீர்கள். வெயிலில் உங்கள் ஷேடிங் தப்புதான் என்று இப்போதும் சொல்வேன். பனியில் நீங்கள்தான் சரி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காகக் கடை அடைத்திருந்த நேரத்தில் அம்மாவை மாடிக்குக் கூப்பிட்டேன். நீங்கள் போன பிறகு அவர் இந்தத் திரையைப் பார்த்ததே இல்லை. டீ கொண்டுவந்தாலும் வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார். அன்றைக்கும், "எனக்கு என்ன தெரியப்போவுது, கட்டங்கட்டமா இருக்கும். அரிசி களையோணும்" என்று இழுத்தார். ஸ்டெல்லா கையைப் பிடித்து உங்கள் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

நான் கேமை ஓடவிட்டேன். பொட்டலக்காரப் பெண் ஸ்டாப்பில் நிற்கிறாள். பனி. பனிக்குள்ளிருந்து ஒரு சாம்பல் உருவம் வலப்பக்கம் பார்த்து ஏறி வருகிறது. நிற்கிறது, நின்று நடுங்குகிறது, அவள் ஏறிக்கொள்கிறாள், கிளம்புகிறது. தூரத்தில் கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு முன்னால் எதிரே ஒரு பஸ் இறங்கி வருகிறது.

அம்மா முன்னால் சாய்ந்தார். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளினார். பஸ் நெருங்கியது.

"ஏனுங்க! பஸ்ஸு வருது, கைய உள்ள வைங்க!"

ஸ்டெல்லா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அம்மா எங்களைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். "எத்தன வாட்டி சொல்றது இந்த மனுசனுக்கு? நொம்பத்தான் தைரியம்!"

பஸ் உரசாமல் கடந்தது. ஜீப் வளைவில் திரும்பி இடப்பக்கம் போகத் தொடங்கியது. நீங்கள் அந்தப் பக்கம் போய்விட்டீர்கள். நம் பக்கம் முழங்கை இல்லை, தலை மட்டும் கொஞ்சம் ஆடிக்கொண்டு போனது.

அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்படி வாங்க வழிக்கு" என்றார்.

அப்புறம் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார் அத்தா. அழுகையும் அதற்குள் இருந்தது, ஆனால் சிரிப்புத்தான் அதிகம். அரிசியை ஸ்டெல்லாதான் போய்க் களைந்தாள். அம்மா மறுபடி முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். ஒவ்வொரு வளைவுக்கும் உங்களைத் திட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நீங்கள் அவர் சொன்னதைக் கேட்டீர்கள். இருக்கும்போது ஒருமுறையாவது கேட்டிருக்கலாமே?

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் சேலம் இறங்கி அங்கிருந்து பெங்களூரு போகிறோம். அம்மாவும் வருகிறாராம். கடையை மூடிவிட்டு அவர் எங்கேயும் போனதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மேஜைக்கு வருகிறவர்களுக்கு ஜீப்பைத் தானே காட்டப்போவதாகச் சொல்கிறார். போகிற வழியில் நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடியில் உங்களிடம் ஸலாம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவோம்.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன் அத்தா. யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் உங்கள் வண்டியைக் கண்ணாடியில் திருப்பிப் போட விடமாட்டேன். போகிற பக்கம் வேறு, வருகிற பக்கம் வேறு, இரண்டையும் தனித்தனியாகவே வரைவேன். போகும்போது நீங்கள் காற்று வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது அம்மா ஜெயிக்கட்டும்.

உங்கள் வண்டியில் எப்போதும் முன்சீட்டுக்குச் சண்டை போட்ட,
உங்கள் மகள்
பரிதா